தலைக்கட்டு நோட்டிலிருந்து இணையத்துக்கு

தன் பாட்டனாரின் பெயரை எவரும் தயங்காமல் சொல்லிவிடுவார். பாட்டனாருக்குப் பாட்டனார் யார் என்று கேட்டால் வீட்டிலுள்ள முதியவர்களைத் திரும்பிப் பார்ப்பார். அம்முதியவர்களும் காலமாகிவிட்ட வீடுகளிலோ அந்தப் பெயர் ஒரு கோயில் நோட்டின் மங்கிய மையிலும் ஒரு பழைய பத்திரத்தின் முதல் வரியிலும் மட்டுமே மிஞ்சியிருக்கும். அவ்வாறு மிஞ்சிய பெயர்களை ஒன்றுதிரட்டி, கணினியில் ஏற்றி, வேண்டியவர் வேண்டிய வேளையில் இணையத்தில் தேடி எடுத்துக்கொள்ளும்படி ஒழுங்கு செய்து கொடுப்பது சில காலமாக என் ஜீவனோபாயத்தில் ஒரு பாகமாக இருந்துவருகிறது. செம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இப்படியும் ஒரு தொழிலா என்று வியப்பவர்கள் உண்டு. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகும் சாலையும், மதுரையிலிருந்து நிலக்கோட்டை வழியே ஒட்டன்சத்திரம், பழனிக்குப் போகும் சாலையும் குறுக்கிடும் ஊர் இது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் எங்கே பயணப்பட்டாலும் இங்கே பஸ் மாறுவது சகஜம். ஆகவே பல கிராமங்களின் கலியாணப் பத்திரிகைகளும் திருவிழா நோட்டீசுகளும் இந்த ஊர்க் கடைகளில்தான் அச்சுக்கு உருவாயின.

நானும் அத்தகைய கடைக்காரன்தான். தட்டெழுத்தில் லோயரும் ஹையரும் தேறிய பின், டி.டி.பி. என்னும் புதிய வித்தை கிராமாந்தரங்களுக்கு வந்த காலத்தில், ஒரு கணினியை வாங்கிவைத்துக்கொண்டு பத்திரிகை அடிக்கத் தொடங்கினேன். கலியாணப் பத்திரிகை என்பது முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் அறிவித்துவிட்டுக் கிழிந்துபோகும் காகிதம் என்று நினைப்பவர்கள், அதைத் தட்டச்சு செய்து பார்த்தவர்கள் அல்லர். மணமகனின் தகப்பனார், தாயார், இருவழிப் பாட்டன் பாட்டிமார், தாய்மாமன்மார், அவரவர் ஊர், பங்காளிகள், மாமன் மைத்துனர்கள் என்று மூன்று தலைமுறையின் உறவுமுறை முழுவதையும் ஒரே தாளில் அடக்கிக் காட்டும் சாசனம் அது. அதில் ஒரு சித்தப்பாவின் பெயர் விட்டுப்போனாலும் கலியாண வீட்டில் கலகம் மூண்டுவிடும் ஆதலால், பத்திரிகையின் பிழைதிருத்தத்துக்குக் குடும்பத்தார் எடுத்துக்கொள்ளும் சிரத்தையைப் பத்திரப்பதிவுக்குக்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தச் சாசனங்கள் பல்லாண்டுகளாக என் கடையின் பிளாப்பிகளிலும் சி.டி.க்களிலும் குவிந்து கிடந்தன.

ஒரு மாசி மாதச் சிவராத்திரிக்குப் பின்னர், ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் சிலர் கடைக்கு வந்தார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்ட பிள்ளைகள், கோயிலுக்கு வரும்போது யார் பங்காளி, யார் மாமன் மைத்துனர் என்று தெரியாமல் விழிக்கிறார்கள் என்பதும், பங்காளி வீட்டிலேயே பெண் கேட்கும் விபரீதம் நேர்ந்துவிடக் கூடாது என்பதும் அவர்களுடைய கவலை. சாமிப்பெட்டியில் இருந்த தலைக்கட்டு வரி நோட்டுகளை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். "கம்ப்யூட்டர்ல ஏத்தி, பேரைத் தட்டுனா வம்சம் வரணும் தம்பி" என்று அவர்களில் மூத்தவர் காரியத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை சங்கடங்கள் அடங்கியிருக்கின்றன என்பது நோட்டைப் பிரித்த பிறகே புலனாயிற்று.

தலைக்கட்டு நோட்டைப் பார்த்திராத வாசகருக்கு அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். குலதெய்வத் திருவிழாவின் செலவுக்காகக் கலியாணமான ஒவ்வோர் ஆணையும் ஒரு தலைக்கட்டாகக் கணக்கிட்டு வரி போடுவார்கள். சில ஊர்களில் விதவையின் வீட்டுக்கு அரைவரி. பக்கத்தின் இடப்புறத்தில் பெயர், நடுவில் வரி, வலப்புறத்தில் வரவு. பெயர் என்றால் வெறும் பெயர் அன்று: 'பெரிய வீட்டுக் கருப்பன் மகன் முத்து', 'மேற்படியான் தம்பி வீரன்', 'மச்சு வீட்டு வீரன்' என்றே எழுதியிருக்கும். ஓர் ஆண்டின் நோட்டில் 'வீரன்' என்றிருப்பவன் அடுத்த நோட்டில் 'வீரன் மகன் கருப்பன்' என்று தன் மகனுக்கு இடம்விட்டு விலகுவதைக் கொண்டு, அவன் இறந்ததையோ மகனுக்குக் கலியாணமானதையோ ஊகிக்கலாம். பாளையக்காரர்களின் வம்சாவளிகளைக் கர்னல் காலின் மெக்கன்சி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேடித் தேடிச் சேகரித்தார்; அவர் 1821-இல் இறந்த பிறகும் அச்சேகரத்தின் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஏர் பிடித்தவனுக்கும் தறி நெய்தவனுக்கும் அத்தகைய வரலாற்றாசிரியர் வாய்க்கவில்லை. அவர்களுடைய வம்சாவளி இந்த வரி நோட்டில்தான் இருக்கிறது.

முதல் சங்கடம் காலத்தைப் பற்றியது. பழைய நோட்டுகளில் ஆங்கில ஆண்டு கிடையாது. 'தாது வருஷம் தை மாதம்' என்ற அளவில் எழுதி நிறுத்தியிருப்பார்கள். தமிழ் வருஷங்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை சுற்றிவருவதால், அந்தத் தை மாதம் 1877-ஆகவும் இருக்கலாம், 1937-ஆகவும் இருக்கலாம். முன்னது தாது வருஷப் பஞ்சத்தின் நடுப்பகுதி, பின்னது நம் பாட்டனார்களின் பிள்ளைப்பிராயம். இதைத் தீர்க்க அந்தந்தக் குடும்பத்தின் நிலப்பத்திரங்களைப் பார்த்தோம். அவற்றில் பசலி ஆண்டு இருந்தால் அதனோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும். பசலி 1286 என்றால் 1876 ஜூலையில் தொடங்கியது. பத்திரமும் இல்லாத இடத்தில் வரியே சாட்சி சொல்லும். ஒன்றரை ரூபாயை 'ரூ. 1, அணா 8' என்று எழுதிய பக்கம், நயா பைசா புழக்கத்துக்கு வந்த 1957-க்கு முந்தியது என்று பெரும்பாலும் நம்பலாம். பழக்கத்தின் பிடிவாதத்தால் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் அணாவிலேயே எழுதிவந்த கணக்குப்பிள்ளைகளும் உண்டு. ஆகையால் இதையும் ஊகம் என்றே குறித்துவைத்தோம்.

இரண்டாவது சங்கடம் என்னுடைய சி.டி.க்களிலேயே இருந்தது. குடும்பத்தார் சம்மதித்த பத்திரிகைகளை மட்டும் நோட்டுகளோடு சேர்த்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். அவற்றைத் திறந்தால் திரையில் தோன்றியவை தமிழ் எழுத்துகள் அல்ல, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஏதோ ஒரு பாஷை. அக்காலத்துப் பாமினி, வானவில், ஸ்ரீலிபி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடிவைத்தவை. எழுத்துரு போய்விட்டால் தமிழும் போய்விடும். அதிலும் ஒன்றின் இடவரிசை மற்றொன்றுக்குப் பொருந்தாது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு இதற்கு ஒரு பொதுநெறி காண முயன்றது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை அங்கீகரித்தது. எனினும் அச்சுக்கடைகள் பழைய எழுத்துருக்களை லேசில் கைவிட்டபாடில்லை. ஆகவே எழுத்துருவுக்கு ஒன்றாக மாற்று அட்டவணைகள் எழுதி ஓட்ட வேண்டியிருந்தது.

அட்டவணையை ஓட்டியதும் காரியம் முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. பழைய முறையில் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் ஒற்றைக்கொம்பு முதலிலும் மெய்யெழுத்து பிறகும் நிற்கும். யூனிகோடில் மெய்யெழுத்து முன்னும் கொம்பு பின்னும் நிற்கவேண்டும். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, இரண்டையும் ஒன்றாக்காத தேடுபொறிக்கு அவை வெவ்வேறு. எல்லாவற்றிலும் அதிகத் தொல்லை கொடுத்தது ஔகாரம். ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகர எழுத்தும் ஒரே வடிவமாதலால், தட்டச்சு செய்தவர்கள் சௌந்தரம் என்பதைக் கொம்பு, சகரம், ளகரம் என்று அடித்துவைத்திருந்தார்கள். காந்திகிராமத்தை 1947-இல் நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் பெயரைத் தாங்கிய பெண்கள் எங்கள் வட்டாரத்தில் பலர் உண்டு. முறையாக எழுதித் தேடினால் அவர்களில் பலர் அகப்படவே இல்லை. கௌரியும் அகப்படவில்லை, மௌனகுருவும் அகப்படவில்லை. சொல் தொடக்கத்தில் இவ்வாறு வரும் பெயர்களைத் தனியே பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர வேறு மார்க்கம் இருக்கவில்லை.

மூன்றாவது சங்கடம் கணினியில் பிறந்தது அன்று. நம் சமுதாயத்தின் அமைப்பில் பிறந்தது. வம்சாவளிக்கென்று மேல்நாட்டார் வகுத்த கோப்பு முறை ஒன்றுண்டு. ஜெட்காம் என்பது அதன் பெயர். 1980-களில் அமெரிக்காவின் மார்மன் திருச்சபையார் உருவாக்கியது. அது பெயரில் குடும்பப்பெயர் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. நமக்கோ குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். போதாக்குறைக்குப் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கமாதலால், கருப்பன் மகன் முத்து, முத்து மகன் கருப்பன், கருப்பன் மகன் முத்து என்று இரண்டே பெயர்கள் ஒரு நூற்றாண்டை நிரப்பிவிடுகின்றன. அத்தை மகளையும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது வழக்கமான வீடுகளில் ஒருவனே ஒருத்திக்குத் தாய்மாமனும் புருஷனும் ஆகிறான். கிளைகள் பிரிந்துகொண்டே போகும் என்று நம்பிப் படம் வரையும் மென்பொருள், இங்கே கிளை மீண்டும் அடிமரத்தில் வந்து ஒட்டிக்கொள்வதைக் கண்டு ஒரே ஆளை இரண்டு ஆட்களாக வரைந்துவிடுகிறது. ஆகவே படம் வரையும் ஆசையை விட்டுவிட்டு, ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள உறவை மட்டும் தனித்தனி வரியாகப் பதிந்தோம். முத்துக்கள் எத்தனை பேரானாலும் எண் ஒன்று சேராது.

இந்த வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், எவர் மூலமோ செய்தி அறிந்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். தம் முன்னோர் ஒருவர் 'மதுரா' ஜில்லாவிலிருந்து கப்பலேறியவர் என்பதும், அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும், 'டிண்டிகல்' என்ற ஒரு சொல்லும்தான் அவர் கைவசம் இருந்தவை. நத்தாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனை அடைந்தது. 1911-இல் அம்முறை நிற்கும்வரை 1,52,184 பேர் அங்கே போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றைக் கப்பல் பட்டியலில் எழுதிவைத்தார்கள். அப்பட்டியல்களை டர்பனில் உள்ள காந்தி–லுதுலி ஆவண மையம் கணினியில் ஏற்றி, எவரும் தேடும்படி செய்திருக்கிறது. அடிமைக்குச் சமானமாக நடத்தப்பட்ட மனிதர்களின் பெயர் கிராமத்தோடு நிலைத்ததும், ஊரிலேயே இருந்துவிட்டவர்களின் பெயர் நிலைக்காமற்போனதும் விசித்திரமே.

பட்டியல் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள பெயர் தமிழ் கேட்ட காது எழுதியதன்று. பெயரை ஒலியால் தேடுவதற்கு ராபர்ட் ரஸ்ஸல் என்னும் அமெரிக்கர் 1918-இல் உரிமம் பெற்ற 'சவுண்டெக்ஸ்' முறைதான் இன்றும் பல தளங்களில் வேலை செய்கிறது. ஆங்கிலத்தின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்களை மூன்று இலக்கங்களாகச் சுருக்குவது அதன் தந்திரம். முத்துசாமி என்ற பெயரை ஆங்கிலேயன் ஒருவிதமாகவும், ரீயூனியன், மார்த்தினீக் தீவுகளின் பிரெஞ்சுக்காரன் வேறுவிதமாகவும் எழுதினாலும் எல்லாம் 'எம் 325' என்ற ஒரே குறிக்குள் வந்துவிடும். அந்த மட்டில் அது மெச்சத்தக்கதே. ஆனால் கருப்பனை ஒரு குமாஸ்தா 'சி' என்ற எழுத்திலும் மற்றொருவர் 'கே' என்ற எழுத்திலும் தொடங்கியிருந்தால், ஒரே மனிதன் இரு வேறு கூட்டங்களில் போய்ச் சேர்கிறான். பழனியின் ழகரத்தை 'எல்' என்றெழுதினால் ஒரு குறி, 'இசட்' சேர்த்தெழுதினால் வேறு குறி. இதற்கு நேர்மாறாக, மணியும் மாயனும் மீனாவும் எவ்வித சம்பந்தமும் இல்லாமல் 'எம் 500' என்ற ஒரே கூரையின் கீழ் வந்து உட்காருகிறார்கள்.

ஆதலால் தமிழுக்கென்று ஒரு தேடல் குறியை வகுத்துக்கொண்டோம். தமிழில் ஒரே எழுத்தாக இருக்கும் வல்லினத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருந்தாலும் ஒரே குறியாக்குவது. இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குவது. லகர ளகர ழகரங்களைத் தேடலுக்கு மட்டும் ஒன்றாகக் கருதுவது. ஆனால் கருப்பனையும் கருப்பையாவையும் கருப்பண்ணனையும் ஒருபோதும் ஒன்றாக்காமலிருப்பது என்பன அதன் விதிகள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறொரு ஏற்பாடு வேண்டியிருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் லத்தீன் மொழியில் 'பெத்ருஸ்' என்றிருப்பவர் வீட்டில் ராயப்பன். 'பவுலுஸ்' என்றிருப்பவர் சின்னப்பன். இத்தகைய ஜோடிப் பெயர்களுக்கு ஓர் அட்டவணை தயாரித்துச் சேர்த்தோம். ஊர்ப்பெயர்களுக்கும் அவ்வாறே: பட்லகுண்டு என்றால் வத்தலக்குண்டு, புல்னி என்றால் பழனி. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்தான். ஆகவே கப்பல் பட்டியலில் திண்டுக்கல் ஜில்லா என்று தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது, 'மதுரா' என்று தேடவேண்டும். செம்பட்டி என்ற பெயரிலோ அருப்புக்கோட்டைப் பக்கத்திலும் ஓர் ஊர் இருக்கிறது. தாலுகாவைப் பார்க்காமல் ஊரைத் தீர்மானிப்பது ஆபத்து.

டர்பன் பெண்மணிக்கு இக்குறியைக் கொண்டு தேடியதில் பெயரும் தகப்பன் பெயரும் ஏறக்குறைய ஒத்த சிலர் அகப்பட்டார்கள். அவர்களில் இன்னாரே உங்கள் முன்னோர் என்று சொல்லிவிட்டால் அவர் மனம் மகிழ்ந்திருக்கும். ஆனால் அப்படிச் சொல்ல ஆதாரம் போதவில்லை. அவர் குடும்பத்துப் பழைய விவாகச் சான்றிலோ மரணச் சான்றிலோ கப்பல் எண் இருக்கக்கூடும், அதைத் தேடிப் பாருங்கள், எண் கிடைத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை என்று எழுதி, அகப்பட்டவர்களின் பதிவுகள் எல்லாவற்றையும் அனுப்பிவைத்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் சந்ததியார் கேட்கும்போதும் இதே முறைதான். 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டைகள், அவர்களுடைய பாட்டனாரின் கிராமத்தை அறிய உதவும் காகிதங்களுள் முக்கியமானவை. அவற்றை லாமினேஷன் செய்து அலமாரியில் பூட்டிவைப்பதைவிடப் படமெடுத்துப் பல இடங்களில் வைப்பதே க்ஷேமம்.

இந்தத் தொழிலில் நான் கடைப்பிடிக்கும் தர்மம் மூலத்தில் கைவைக்காமலிருப்பதே. நோட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே ஒரு பத்தியில். நாங்கள் படித்த விதம் அடுத்த பத்தியில். பக்கத்தின் படம் இரண்டுக்கும் அருகில். ஒரு நோட்டில் வீரனின் மகனாக இருந்த முத்துக்கருப்பன் மற்றொரு நோட்டில் வீரனின் தம்பியாக இருந்தான். "எங்க தாத்தா சொன்னதுதான் சரி, மத்ததை அழிச்சிருங்க தம்பி" என்றார் மூத்தவர். "அழிக்க வேணாங்கய்யா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம், நீங்க சொல்றதையும் உங்க பேரு போட்டு எழுதிருவோம்" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை, ஆயினும் தம் சொல் தம் பெயரோடு நிற்பதைக் கண்டபின் ஆட்சேபிக்கவில்லை. தேடுபொறி சாட்சிகளைக் கூட்டிவந்து நிறுத்தலாம். தீர்ப்புச் சொல்வது குடும்பத்தாரின் பொறுப்பு.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவைப்பதும் தர்மமாகாது. உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியும் விலாசமும் வெளியார் கண்ணுக்குப் படக்கூடாது. பட்டியலில் ஜாதி எழுதியிருந்தாலும் அதைக் கொண்டு தேடும் வசதியைப் பொதுவில் வைக்கலாகாது. தத்து, மறுமணம், வீட்டைவிட்டுப் போனவர் முதலிய சமாசாரங்கள் அந்தந்தக் குடும்பத்தின் அனுமதியின்றி ஏறக்கூடாது. இவற்றை நான் கூலி பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். இசையாதவர்களின் வேலையை எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு குறை மட்டும் எந்த மென்பொருளாலும் தீராமல் நிற்கிறது. தலைக்கட்டு நோட்டில் பெண் இல்லை. மகளாக இருந்தவரை தகப்பனின் தலைக்கட்டுக்குள் மறைந்திருந்தாள். கலியாணமானபின் புருஷனின் தலைக்கட்டுக்குள் மறைந்தாள். விதவையானால்தான் அரைவரிக்காக அவள் பெயர் எழுதப்பட்டது, அதுவும் 'வீரன் சம்சாரம்' என்று. பிறந்த ஊரும் பெயரும் பத்திரிகைகளில் ஏறத் தொடங்கிய தலைமுறையிலிருந்துதான் தாய்வழியைப் பின்தொடர முடிகிறது. யாத்திரிகர் குடும்பங்களின் வம்சாவளியை எழுதிவைக்கும் ஹரித்வாரத்துப் பண்டாக்களின் ஏடுகளையே படமெடுத்த அமெரிக்க வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்த ஃபேமிலிசெர்ச், தன்னிடமிருந்த ஏறத்தாழ 24 லட்சம் மைக்ரோபிலிம் சுருள்களை டிஜிட்டலாக்கி 2021-இல் முடித்தது. அத்தனை பெரிய பிரயத்தனத்தாலும் எழுதப்படாத பெயரை வெளிக்கொணர முடியாது.

ஆகையால் வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். உங்கள் குலதெய்வக் கோயிலின் சாமிப்பெட்டியில் நோட்டு இருந்தால், அதைக் கரையான் படிப்பதற்கு முன் பக்கம் பக்கமாகச் செல்போனில் படமெடுத்து, இரண்டு மூன்று வீடுகளில் பிரதி வையுங்கள். வீட்டிலுள்ள கலியாணப் பத்திரிகைகளில் தலைமுறைக்கு ஒன்றையாவது பாதுகாத்து, பின்புறத்தில் ஆங்கில ஆண்டைக் குறித்துவையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, இன்றைக்கே உங்கள் ஆத்தாளிடமோ அப்பத்தாளிடமோ அவளுடைய தாயார் பெயரையும் அந்தத் தாயார் பிறந்த ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. கேட்டு எழுதிவைப்பது உங்கள் வேலை.